சின்னமனூர்: மேகமலை அடிவாரத்தில் ஓர் உழவர் நகரம்

மேகமலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் சின்னமனூரில் அதிகபட்சம் அரை மணி நேரம் நிற்பார்கள். டீ குடிப்பார்கள், வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவார்கள். பிறகு தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டி, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேகத்துக்குள் மறைந்துவிடுவார்கள். கீழே விட்டுவந்த அந்த ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவசாயத்தை நம்பி வாழும் ஊர் என்பதும், பாண்டியர் வரலாற்றின் முக்கியமான செப்பேடுகள் அங்கேதான் கிடைத்தன என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

சின்னமனூர் தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஒரு நகராட்சி. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 42 ஆயிரம். 1996ல் தேனி தனி மாவட்டமாகும் வரை இது மதுரை மாவட்டத்தில் இருந்தது. கடல் வெகு தூரம். ரயிலும் கிடையாது; ரயில் ஏற வேண்டுமானால் தேனிக்கோ போடிக்கோ போக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப் வரை ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாகக் கோரிக்கையாகவே இருக்கிறது. பெயருக்குத்தான் நகராட்சி, கடைவீதியில் நடந்தால் உரக்கடை, வாழைத்தார் மண்டி, அரிசி ஆலை, டிராக்டர் பட்டறை என்று எல்லாமே வயலைச் சுற்றித்தான் இருக்கின்றன.

ஊரின் தலையெழுத்தை நிர்ணயித்தது அதன் இருப்பிடம். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே கேரளத்தின் ஏலமலைகள். தென்கிழக்கே மேகமலை, உள்ளூர்ப் பழைய பெயர் பச்சைக்கூமாச்சி. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை தடுத்துத் தன் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்ட வைத்துவிடுகிறது. பள்ளத்தாக்குக்கு வருவது காற்றும் தூறலும்தான். நாள் முழுவதும் கண்ணெதிரே மேகம் தெரியும், வயலில் மழை இருக்காது! ஆகவே இந்த ஊரின் வரலாறு என்பது பெரும்பாலும் வேறெங்கோ பெய்த மழையை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்ற வரலாறுதான்.

பழைய காலத்தில் இந்தப் பகுதிக்கு அளநாடு என்று பெயர். சின்னமனூர் அப்போது அரிகேசரிநல்லூர். அரிகேசரி என்பது பாண்டிய மன்னர்களின் பட்டப்பெயர்களில் ஒன்று. இப்போதைய பெயர் நாயக்கர் காலத்துச் சின்னம நாயக்கர் என்பவரால் வந்தது என்பது ஊர் வழக்கு.

சின்னமனூர்ச் செப்பேடுகளில் சிறியது, பெரியது என இரண்டு தொகுதிகள் உண்டு. பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மூன்றாம் இராசசிம்ம பாண்டியனுடையது. சமஸ்கிருதப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. முற்காலப் பாண்டியரின் வம்ச வரிசையை அறிய வேள்விக்குடிச் செப்பேட்டோடு சேர்த்து வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் புரட்டுகிறார்கள். பாண்டிய முன்னோர் மகாபாரதத்தைத் தமிழாக்கியதாகவும், மதுரையில் சங்கம் வைத்ததாகவும் இந்தச் செப்பேடு பெருமை பேசுகிறது. சங்கம் உண்மையா கற்பனையா என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இந்த ஆவணத்தைத் தொடாமல் போக முடியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் "சின்னமனூர்ச் செப்பேடு" என்பதற்குப் பின்னால் உண்மையில் ஒரு ஊர் இருக்கிறது என்று பல மாணவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

ஆனால் பெருமை பேசுவது செப்பேட்டின் அலங்காரம். அதன் வேலை நிலதானம். அளநாட்டில் நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை, மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றிப் பிரமதேயமாக அரசன் கொடுக்கிறான். பழைய பெயரிலேயே "செய்கை" இருப்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல விளைச்சல் நிலம் இல்லாத இடத்தைத் தானமாகக் கொடுத்து, அதைச் செம்பில் வெட்டி வைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அணைகள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கொடுக்கத்தக்க வயல்கள் இருந்திருக்கின்றன.

கொடுத்த அரசனுக்குத்தான் நாடு நிலைக்கவில்லை. சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்ற இராசசிம்மன் இலங்கைக்குப் போனான். அங்கே உதவி கிடைக்காமல் மணிமுடியை விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டான். ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் இராசேந்திர சோழன் இலங்கையிலிருந்து அந்த முடியைக் கைப்பற்றியதைத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்கிறான். முற்காலப் பாண்டிய அரசனான அவனுடைய பெயர் இப்போது சின்னமனூரில் கோயில் கதையாக மிஞ்சியிருக்கிறது. கல்வெட்டுகளில் இராசசிம்மேச்சுரம் எனப்படும் பூலாநந்தீஸ்வரர் கோயிலில், அரசன் பார்த்தபோது லிங்கம் உயர்ந்துகொண்டே போனதாம். அவன் மனம் உருகித் தழுவியதும் அவனுடைய உயரத்துக்கே குறைந்ததாம். அதனால் சுவாமிக்கு "அளவுக்கு அளவானவர்" என்று பெயர். அழகான பெயர்.

பக்கத்து உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. இந்தப் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் ஒதுக்குப்புறமாக இருக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இனி பெரியாறுக்கு வருவோம். மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதைப் பற்றி விசாரித்திருக்கிறார். பணம் இல்லாததால் நின்றுபோனது. 1876-78 பெரும் பஞ்சம் தென் மாவட்டங்களை உலுக்கிய பிறகு திட்டம் உயிர் பெற்றது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1887ல் தொடங்கிய வேலை, மலேரியாவுக்கும் காட்டாற்று வெள்ளத்துக்கும் பல உயிர்களைக் கொடுத்து, 1895ல் முடிந்தது. சுமார் 5,700 அடி நீளமுள்ள ஒரு சுரங்கம் வழியாகத் தண்ணீர் மலையைத் துளைத்து இந்தப் பக்கம் இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அணை கட்டப்பட்டது கம்பம் பள்ளத்தாக்குக்காக அல்ல. மதுரை, மேலூர் பக்கத்து வறண்ட நிலங்களுக்காக. ஆனால் சுரங்கத்திலிருந்து இறங்கும் தண்ணீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் சேர்ந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்துதான் தேனி அருகே வைகையில் கலக்க முடியும். வேறு வழி கிடையாது. யாருக்கோ போகிற தண்ணீர் வாசலில் ஓடியது. மழைக்காலத்தில் மட்டும் நம்பத்தகுந்த ஆறு பல மாதம் ஓடும் ஆறாயிற்று. ஒரு போகம் உறுதியில்லாத இடத்தில் இரண்டு போகம் வந்தது. தேனி மாவட்டத்தில் முல்லைப்பெரியாற்றின் இருபோக நெல் பரப்பு 14,707 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் வட்டத்திலேயே இருக்கிறது.

இந்த வயல்களுக்கு நீர் கொடுப்பவை உத்தமமுத்து, பாளையம் பரவு போன்ற ஆற்று வாய்க்கால்கள். மொத்தம் பதினேழு. அதனால்தான் பின்னர் லோயர்கேம்பிலிருந்து தேவாரம், போடி பக்கத்துக் கண்மாய்களுக்கு வெட்டிய கால்வாய்க்கு வேறு பெயரே வைக்காமல் "பதினெட்டாம் கால்வாய்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கால்வாய் பி.டி.ராஜன் பெயரைத் தாங்கியது. உத்தமபாளையத்தில் பிறந்த அவர் 1936ல் சில மாதங்கள் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். பி.டி.ஆர். கால்வாயும் தந்தை பெரியார் கால்வாயும் சேர்ந்து 5,146 ஏக்கருக்கு, ஆனால் ஒரு போகத்துக்கு மட்டும், நீர் தருகின்றன. ஆற்றோரத்து இருபோகக்காரருக்கும் கால்வாய்க் கடைசியில் இருக்கும் ஒருபோகக்காரருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊரில் சாதாரண வித்தியாசம் அல்ல. முன்னவருக்கு ஜூன் முதல் தேதி மடை திறந்தால் நாற்றங்கால் பாவலாம். பின்னவர் அணை நிரம்பி, தமக்கும் திறந்துவிடும்படி மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே அணையின் நீர்மட்டம் இங்கே வெறும் செய்தி அல்ல. அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979ல் நீர்மட்டத்தைக் குறைக்கத் தொடங்கி, 136 அடியில் நிறுத்தினார்கள். பலப்படுத்தும் வேலைகளுக்குப் பிறகு 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2006ல் சொன்னது. கேரளம் அதே ஆண்டில் சட்டத்திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. 2014 மே 7ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. அந்த ஆண்டு நவம்பரில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு நீர் 142 அடியைத் தொட்டது.

இடையில் வந்தது 2011 டிசம்பர். கேரளத்தில் புதிய அணை வேண்டும் என்று போராட்டம். இந்தப் பக்கம் கம்பத்திலிருந்து குமுளி நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். எல்லைச் சாலை அடைபட்டது, 144 தடையுத்தரவு போடப்பட்டது. அந்த நாட்களில்தான் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது தெரிந்தது. சாதாரண நாட்களில் விடியுமுன்பே பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப் ஜீப்பாகக் கூலியாட்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பெரும்பாலும் பெண்கள். மாலையில் திரும்பிவிடுவார்கள். இங்கிருந்து அரிசியும் காய்கறியும் வாழையும் குமுளி வழியாக அங்கே போகும். எல்லை மூடியதும் ஜீப்புகள் நின்றன, லாரிகள் நின்றன. தோட்டங்களில் தங்கி வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கி வந்தன. தண்ணீரைக் காக்கக் கூடியவர்களில் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத கூலிக்காரர்களும் இருந்தார்கள் என்பதை அன்றைய விவாதங்களில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மேகமலையின் தண்ணீரும் நேராக வயலுக்கு வந்துவிடுவதில்லை. மேலே உள்ள மணலாறு, இரவங்கலாறு போன்ற அணைகளில் தேங்கி, சுருளி மின்நிலையத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் ஆற்றுக்கு வருகிறது. 35 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் 1978ல் வந்தது. பெரியாற்று நீரும் லோயர்கேம்ப் மின்நிலையத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. சின்னமனூர் வயலுக்கு வரும் ஒவ்வொரு சொட்டும் ஏற்கனவே ஒரு முறை வேலை செய்து களைத்த சொட்டு என்று சொல்லலாம்.

2021 பிப்ரவரியில் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வைகை பிறக்கும் காடுகளும் இதில் அடங்கும். 2023ல் கேரளம் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை மேகமலைக்கு வந்து, மே மாத இறுதியில் கம்பம் நகரத் தெருக்களிலேயே ஓடியது. ஒருவர் உயிரிழந்தார். ஜூன் தொடக்கத்தில் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாநில எல்லையைத் தண்ணீர் மட்டுமா மதிக்கவில்லை!

வயல்களும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. நாற்று நட ஆள் கிடைப்பதில்லை, நெல்லுக்கு விலை நிற்பதில்லை. கிணறும் சொட்டுநீர்க் குழாயும் போட முடிந்தவர்கள் வாழைக்கு மாறுகிறார்கள். செவ்வாழை, நாழிப்பூவன், திசு வளர்ப்பில் வந்த ஜி-9 எல்லாம் உண்டு. நல்ல தார்கள் வளைகுடா நாடுகள் வரை போகின்றன. பக்கத்துக் கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வாழை ஒரு பலத்த காற்றுக்கு ஒரே நாளில் சாய்ந்துவிடும். நெல்லில் பாதி நஷ்டம், வாழையில் முழு நஷ்டம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடுகிறார்கள். முடியாதவர்கள் மே மாதக் கடைசியில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி என்றுதான் பார்க்கிறார்கள். நாற்றங்காலுக்கு விதை வாங்குவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.