யோகமும் முதியோர் உடலும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

யோகம் காலங்கடந்தது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின், கற்பவர் யார் என்பதற்கேற்பக் கற்பிக்கும் முறையும் மாறிவந்துள்ளமையை வரலாறு காட்டுகின்றது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது; அங்குக் கூறப்படும் ஆசனங்களுள் சுகாசனமும் ஒன்று. எனினும் அந்நூல் கருதிய மாணவன் சித்தி நாடும் சாதகன். முழங்கால் தேய்ந்த முதியவரல்லர்.

இம்மாற்றத்தைத் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888-1989) வாழ்விலே தெளிவாகக் காணலாம். 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் அவர் நடத்திய யோகசாலையிற் பெரும்பாலும் சிறுவரும் இளைஞருமே பயின்றனர். விரைவும் வலிமையும் மிக்க பயிற்சிகள் ஆங்கு முதன்மை பெற்றன. சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் அரச ஆதரவு வற்றியது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. பின்னர் சென்னையில் அவரை நாடிய பலர் நோயாளராயிருந்தனர். பயிற்சி ஆளுக்கேற்ப அமைந்தது. மூச்சு உடலசைவை வழிநடத்தியது. புரவலர் மாற, மாணவர் மாறினர். மாணவர் மாற, முறையும் மாறியது எனலாம்.

அவருடைய மாணவர் பி. கே. எஸ். ஐயங்கார் கதிரை, பட்டி, கயிறு முதலியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். ஆயினும், 1958இல் எண்பது வயது கடந்த நிலையில் அவரிடம் பயின்றவர் பெல்ஜிய அரசி எலிசபெத் என்பது நோக்கற்பாலது. ஓய்வும் வசதியும் உடைய முதுமையை யோகம் எளிதிற் சென்றடைந்தது.

உழைத்துத் தேய்ந்த முதுமையின் நிலை யாது? நம் தீவகத்தைக் கருதுவோம். பனையும் கடலும் தோட்டமும் இங்கு உடல்களைத் தேய்த்தன. வணிகத்தின்பொருட்டுத் தென்னிலங்கை சென்றோர் பலர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். இளையோர் பலர் கடல்கடந்தனர். முதியோர் பலர் தனித்தனர். நெடுந்தீவு முதியவர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குச் செல்லப் படகேறிக் குறிகட்டுவான் வந்து, மேலும் தரைவழிப் பயணம் செய்தல் வேண்டும். முழங்கால் வலிப்பவருக்குப் படகேறுதலே ஒரு சோதனை.

கதிரையில் அமர்ந்தவாறே மூச்சை உள்ளிழுக்கையிற் கைகளை உயர்த்தலும், வெளிவிடுகையில் தாழ்த்தலும், கணுக்காலைச் சுழற்றலும், வலி தோன்றின் நிறுத்தலும் இயலும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. சனசமூக நிலையங்கள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்தமருத்துவம் பயிலும் மாணவரும் உளர். வேண்டுவது, வாரந்தோறும் தவறாது படகேறி வரும் ஆசிரியர். இது மருத்துவருக்கோ படகுச் சேவைக்கோ மாற்றாகாது. அவற்றைக் கோரும் குரலை இதன் பெயரால் அடக்குதலும் தகாது. மைசூர் அரண்மனை தன் இளைஞருக்குச் செய்ததை, ஊரை உழைத்து வளர்த்தோருக்கு ஊரே செய்தல் கடனாகும்.