ஹதானா முடியும்வரை ஒரு வீடு

1985 மே 4 அன்று எகிப்தின் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் 1979ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மணவிலக்குக்குப் பிறகும் பிள்ளைகளோடு பழைய வீட்டிலேயே குடியிருக்கத் தாய்மார்களுக்கு ஆறாண்டுகளாகத் துணைநின்ற சட்டம் அது. ஒரே நாளில் அந்தப் பிடி கழன்றது.

கெய்ரோவில் அப்போது வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் கீழ் பழைய குடித்தனக்காரர்கள் சொற்பத் தொகை கொடுத்துத் தலைமுறை கடந்தும் இருந்துவிடலாம். அதனால் யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. புதிதாக வருபவர் கணக்கில் வராத பெரிய தொகையை முதலில் எண்ணி வைக்க வேண்டும். வாடகைப் பத்திரமோ பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். ஆகவே தலாக் என்பது அந்த ஊரில் இரண்டு மனங்களின் பிரிவோடு முடிந்துவிடவில்லை. ஒரு வீடுதான் உண்டு, அதில் யார் இருப்பது என்ற வழக்காக அது மாறியது.

மார்க்கத்தின் மூலநூல் இதைப் பேசாமல் விட்டுவிடவில்லை. குர்ஆனின் 65ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே ‘தலாக்’. இத்தா, அதாவது மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் காலம், முடியும் முன்னர் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றும், கணவன் தன் வசதிக்கேற்பத் தான் வசிக்கும் இடத்திலேயே அவளையும் வசிக்கச் செய்ய வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. இத்தா சில மாதக் கணக்கு. கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. அதற்குப் பிறகு?

பிறகு பிள்ளைதான் கணக்கு. சிறு குழந்தையை வளர்க்கும் உரிமையான ஹதானா தாய்க்கு, அவளுக்கு அடுத்து தாய்வழிப் பாட்டிக்கு என்று ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்கள் வரிசை வைத்திருந்தன. எகிப்து நீதிமன்றங்கள் பின்பற்றிய ஹனஃபி மரபில் ஆண்பிள்ளைக்கு 7 வயது, பெண்பிள்ளைக்கு 9 வயது எல்லை. 1929ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம், பிள்ளையின் நலன் கருதி இதை 9, 11 என நீட்டிக்கலாம் என்று நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. தந்தை ஜீவனாம்சமும் தர வேண்டும். ஆனால் தாயும் பிள்ளையும் எந்தக் கூரையின் கீழ் வாழ்வது என்பது பெரும்பாலும் தாய்வீட்டின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய கொடுமையைச் சொல்லாமல் நகர முடியாது. கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கணவனின் ‘பைத்துத் தாஆ’வுக்கு, அதாவது கீழ்ப்படிதல் இல்லத்துக்கு, போலீஸை வைத்துத் திரும்ப அழைத்துவரும் வழக்கம் 1967 வரை அங்கே இருந்தது. ஒரு பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து அடைக்க அரசின் கை நீண்டது. அவள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கை மடங்கிக் கிடந்தது.

1975இல் ஃபாத்தன் ஹமாமா நடித்த ‘எனக்கொரு தீர்வு வேண்டும்’ என்ற படம், விவாகரத்து கேட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் பெண்ணின் கதையை ஊரறியச் செய்தது. 1979இல் அதிபர் சதாத், நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், அவசர ஆணையாக 44ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி ஜிஹான் அதற்காக வெளிப்படையாகப் பாடுபட்டதால் மக்கள் அதை ‘ஜிஹான் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ஹதானா உள்ள தாய் பிள்ளைகளோடு மணவீட்டில் தொடரலாம், வேறு வீடு ஏற்பாடு செய்து தராதவரை கணவன்தான் வெளியேற வேண்டும் என்றது சட்டம். வீடு கிடைக்காத நகரத்தில் ஆண்களைத் தெருவில் நிறுத்துகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதே தெருவில் குழந்தையோடு நின்ற பெண்களுக்காக அத்தனை குரல்கள் எழுந்ததில்லை.

நீதிமன்றம் சட்டத்தை வீழ்த்தியது மார்க்கக் காரணத்தால் அல்ல. அவசர ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை என்பதே தீர்ப்பு. அந்த ஜூலையில் நைரோபியில் ஐ.நா. பெண்கள் மாநாடு கூடவிருந்தது. அதற்குச் சற்று முன்பாக, இம்முறை நாடாளுமன்றத்தின் வழியாகவே, 100ஆம் எண் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்ப்பவளுக்கும் தகுந்த தனி வீட்டைக் கணவன் தர வேண்டும். இத்தாவுக்குள் தராவிட்டால் வாடகை மணவீட்டில் அவன் இல்லாமல் அவர்கள் தொடரலாம். ஹதானா வயதும் 10, 12 என உயர்ந்தது.

தமிழ்நாட்டின் காயல்பட்டினத்துக்காரருக்கும் இலங்கையின் காத்தான்குடிக்காரருக்கும் இந்தச் சண்டை விநோதமாகத் தோன்றலாம். அங்கே வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருகிறார். மணம் முறிந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவர் அவர்தான். மூலநூல் அங்கேயும் கெய்ரோவிலும் ஒன்று. வீட்டுப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் வேறு.

கெய்ரோவில் அந்தப் பெயர் மாறவில்லை. அதனால் தாயின் கூரை பிள்ளையின் வயதோடு முடிச்சுப் போடப்பட்டது. 2005இல் வந்த 4ஆம் எண் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஹதானா வயதை 15 ஆக்கியது. அதன்பின் யாரோடு இருப்பது என்று நீதிபதி பிள்ளையிடமே கேட்பார். தாயைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளை அவளோடு இருக்கலாம், ஆனால் வளர்ப்புக் கூலி அவளுக்குக் கிடையாது. வீட்டைப் பற்றி 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் அப்படியே நிற்கிறது: ஹதானா முடிந்ததும், வீட்டில் முதலிலேயே உரிமை இருந்த கணவன் தன் பிள்ளைகளோடு அங்கே திரும்பலாம். அத்தனை வருடம் அவர்களை அந்த வீட்டில் வளர்த்தவள் எங்கே போவது என்பதற்கு அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை.