பெயரைத் தட்டினால் திறக்கும் கணினி: லாஞ்சர் செயலிக்குப் புதியவர்களுக்கு 8 குறிப்புகள்

தோட்டத்து ஆலயமாக இருந்தாலும் பட்டணத்துக் குடியிருப்பாளர் சங்கமாக இருந்தாலும், நிர்வாகத்தின் கணக்கு வழக்குகள் இன்று ஒரு கணினியில்தான் இருக்கின்றன. அந்தக் கணினியின் திரை முழுக்க ஐகான்கள். சென்ற ஆண்டின் கணக்கறிக்கை எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பது அதைச் சேமித்தவருக்கே மறந்து போயிருக்கும்.

ஆர்ஓஎஸ் எனப்படும் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு பெற்ற அமைப்புகள், ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் கணக்கறிக்கை உள்ளிட்ட ஆண்டு விவரங்களைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டம் கூறுகிறது. கெடு நெருங்கும் நேரத்தில் கோப்பு கிடைக்காவிட்டால் அலைச்சல் செயலாளருக்குத்தான். இத்தகைய தேடலைப் பெருமளவு குறைக்க உதவும் சிறு கருவிதான் லாஞ்சர்.

லாஞ்சர் என்றால் என்ன?

விசைப்பலகையில் ஒன்றிரண்டு விசைகளை அழுத்தியதும் திரையில் ஒரு வெற்றுப் பெட்டி தோன்றும். வேண்டியதன் பெயரில் சில எழுத்துகளை அதில் தட்டினால், பொருத்தமானவை பட்டியலாக வரும். என்டர் விசையை அழுத்தினால் முதலில் இருப்பது திறக்கும். பெட்டி தானாகவே மறைந்துவிடும். மவுஸைத் தொட வேண்டியதில்லை.

வழக்கமான முறையில், ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். லாஞ்சருக்கோ அதன் பெயர் தெரிந்தால் போதும். இடத்தைத் தேடுவதற்குப் பதிலாகப் பெயரைச் சொல்லி அழைக்கிறோம். இந்த ஒரு மாற்றத்தில்தான் இதன் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. டச்பேட் பழுதான பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும், திரையில் அம்புக்குறியைத் துரத்திப் பிடிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கும் இது கூடுதல் உதவி.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆப்பிளின் மேக் கணினிகளில் ஸ்பாட்லைட் என்ற பெயரில் இந்த வசதி 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. விண்டோஸில் 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா பதிப்பு முதல், ஸ்டார்ட் மெனுவிலேயே பெயரைத் தட்டித் தேட முடிகிறது. பலருடைய கணினியில் பல ஆண்டுகளாக இருந்தும் தொடப்படாமல் கிடக்கும் வசதி இது.

1. இருப்பதிலிருந்தே தொடங்குங்கள்

எதையும் பதிவிறக்க வேண்டாம். காசும் செலவழிக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ் விசையை ஒருமுறை அழுத்திவிட்டு நேராகத் தட்டத் தொடங்கலாம். தேடல் பெட்டியைத் தேடிப் போய்க் கிளிக் செய்ய வேண்டியதில்லை. மேக் கணினியில் கமாண்ட் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்த வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளிலும் விண்டோஸ் சின்னம் உள்ள அதே விசையை அழுத்திவிட்டுத் தட்டலாம். இரண்டு வாரங்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே கூடுதல் செயலி தேவையா என்று முடிவு செய்வது நல்லது.

2. முதல் வாரத்தில் மூன்று மட்டும்

எல்லாக் குறுக்கு வழிகளையும் ஒரே நாளில் கற்க முயல்பவர்கள் விரைவில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். தினமும் திறக்கும் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணைய உலாவி, எக்செல், கணக்கு ஃபோல்டர் என வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்றையும் ஒரு வாரத்துக்கு ஐகானைக் கிளிக் செய்து திறப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் மெதுவாகத்தான் இருக்கும். பிறகு விரல்கள் தாமாகவே பழகிவிடும்.

3. முழுப் பெயர் தேவையில்லை. என்டருக்கு முன் ஒரு பார்வை தேவை

எக்செலைத் திறக்க இ, எக்ஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளே பெரும்பாலும் போதும். வேண்டியது இரண்டாவது, மூன்றாவது வரியில் இருந்தால் கீழ் அம்புக்குறி விசையால் இறங்கலாம். மனம் மாறினால் எஸ்கேப் விசை பெட்டியை மூடிவிடும். நீங்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பதைப் பல லாஞ்சர்கள் கவனித்து, அடுத்த முறை அதையே மேலே கொண்டுவரும்.

ஆனால் என்டரை அழுத்துமுன் முதல் வரியைப் பாருங்கள். விண்டோஸ் தேடலில் கணினியில் உள்ளவற்றுடன் இணைய முடிவுகளும் கலந்து வரும். அவசரப்பட்டால் கோப்புக்குப் பதிலாக இணையப் பக்கம் திறந்துவிடும். பட்டியலின் மேலே செயலிகள், ஆவணங்கள், இணையம் எனப் பிரிவுகள் இருக்கும். ஆவணங்கள் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் மட்டும் தெரியும்.

4. கோப்புக்குப் பெயர் வைப்பதே பாதி வேலை

பெயரைச் சொல்லி அழைக்க வேண்டுமானால் முதலில் ஒழுங்கான பெயர் இருக்க வேண்டும். 'புதியது', 'இறுதி', 'இறுதி 2', 'ஸ்கேன் 0012' போன்ற பெயர்களை வைத்துக்கொண்டு எந்த லாஞ்சராலும் உதவ முடியாது.

ஆண்டு, பொருள், அமைப்பு என்ற வரிசையில் பெயர் வைப்பது எளிய வழி. '2025 கணக்கறிக்கை ஆலயம்', '2025 மார்ச் கூட்டக்குறிப்பு' என்பது போல எழுதலாம். நிர்வாகத்தில் உள்ள அனைவரும் இதே வரிசையைப் பின்பற்றினால், யார் சேமித்த கோப்பையும் யாரும் எடுக்கலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. 'ஆண்டறிக்கை' என்று சேர்த்து எழுதுவதும் 'ஆண்டு அறிக்கை' என்று பிரித்து எழுதுவதும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்து வரிசைகள். ஒன்றைத் தட்டினால் மற்றது வராமல் போகலாம். எந்த வடிவம் என்பதை முதலிலேயே முடிவு செய்து அதையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய ஆவணங்கள் பல சங்கங்களிடம் இன்னும் இருக்கின்றன. திரையில் அவை தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பவை வேறு குறிகள். அதனால் இன்றைய தமிழில் தட்டி அவற்றின் உள்ளடக்கத்தைத் தேடினால் கிடைக்காது. அத்தகைய கோப்புகளுக்குப் பெயரையாவது இன்றைய முறையில் மாற்றி வைத்துவிட்டால் தேடும்போது கைகொடுக்கும்.

5. எந்த மொழியில் தட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள்

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். அஞ்சல் அல்லது தமிழ்99 முறையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது லாஞ்சரைத் திறந்தால், அங்கும் தமிழ் எழுத்துகளே விழும். எக்செல் என்ற செயலியின் பெயர் கணினியில் ஆங்கிலத்தில் இருப்பதால், அது பட்டியலில் வராது. லாஞ்சர் பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். மேக் கணினியில் கண்ட்ரோல் விசையுடன் ஸ்பேஸ் பார், அல்லது பூகோளச் சின்னம் உள்ள விசை. செயலியைத் திறக்க ஆங்கிலம், தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கத் தமிழ் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்புப் பெயர் ஆண்டுடன் தொடங்கினால் இங்கும் ஒரு நன்மை உண்டு. 2025 என்று எண்ணைத் தட்டினாலே அந்த ஆண்டின் கோப்புகள் வரத் தொடங்கிவிடும்.

6. சிறு கணக்குகளையும் அங்கேயே போடலாம்

மாதச் சந்தா 15 ரிங்கிட், உறுப்பினர்கள் 84 பேர் என்றால் மொத்தம் எவ்வளவு? ஸ்பாட்லைட் பெட்டியில் 15*84 என்று தட்டினாலே 1,260 என்ற விடை வரும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. கால்குலேட்டரைத் தனியாகத் திறக்க வேண்டியதில்லை.

ஸ்பாட்லைட்டில் நாணய மதிப்பையும் மாற்றிப் பார்க்கலாம். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வருபவர்களுக்கு இது பயன்படும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டும். திரையில் தெரியும் மதிப்பும் நாணயமாற்றுக் கடையில் கிடைக்கும் மதிப்பும் ஒன்றாக இருக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

7. கூடுதல் லாஞ்சர் வேண்டுமென்றால்

விண்டோஸ் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்டே இலவசமாக வழங்கும் பவர்டாய்ஸ் தொகுப்பு பொருத்தமானது. அதில் 2020இல் பவர்டாய்ஸ் ரன் என்ற லாஞ்சரும், 2025இல் கமாண்ட் பேலட் என்ற புதிய லாஞ்சரும் சேர்க்கப்பட்டன. முன்னதைத் திறக்க ஆல்ட் விசையுடன் ஸ்பேஸ் பார். பின்னதற்கு விண்டோஸ், ஆல்ட், ஸ்பேஸ் பார் மூன்றும். இவற்றில் சமக்குறியிட்டுக் கணக்கைத் தட்டினால் விடை வரும். ஃப்ளோ லாஞ்சர் என்பதும் இலவசமே. மேக் பயனர்களிடையே ஆல்ஃபிரெட், ரேகாஸ்ட் ஆகியவை பரவலாக உள்ளன. ஆல்ஃபிரெட்டின் அடிப்படை வசதிகள் இலவசம். கூடுதல் வசதிகளுக்கு மட்டும் கட்டணம்.

இரண்டு லாஞ்சர்களுக்கு ஒரே விசைகளை ஒதுக்கினால் குழப்பம் வரும். மொழி மாற்றும் விசைகளையும் லாஞ்சருக்குக் கொடுத்துவிடாதீர்கள். செட்டிங்ஸ் பகுதியில் வேறு விசைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பதிவிறக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் அல்லது தயாரித்தவரின் சொந்த இணையத்தளத்தை மட்டும் நாடுங்கள். தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வரும் இணைப்புகள் போலித் தளங்களாகவும் இருக்கக்கூடும். வேலையிடக் கணினி என்றால் முதலில் அனுமதி பெறுவது அவசியம். கணினி பழையதாக, நினைவகம் குறைவானதாக இருந்தால் உள்ளே இருக்கும் தேடல் வசதியே போதும்.

8. பலர் தொடும் கணினியில் நகல் வரலாறு வேண்டாம்

நாம் காப்பி செய்தவற்றை எல்லாம் பட்டியலாக வைத்துக்கொள்ளும் வசதி சில லாஞ்சர்களில் உண்டு. விண்டோஸிலேயே இது தனி வசதியாக இருக்கிறது. அதை இயக்கிவிட்டு விண்டோஸ் விசையுடன் வி எழுத்தை அழுத்தினால், கடைசியாகக் காப்பி செய்த 25 பதிவுகள் வரை தெரியும். சொந்தக் கணினியில் இது மிகவும் வசதியானது.

சங்க அலுவலகத்திலோ பள்ளியிலோ பலர் பயன்படுத்தும் கணினியில் நிலைமை வேறு. ஒருவர் காப்பி செய்த கடவுச்சொல், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை அடுத்து அமர்பவரின் கண்ணில் படும். பொதுக் கணினியில் இதை இயக்காமல் விடுவதே பாதுகாப்பு. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால், பட்டியலை முழுமையாக அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

தேடியும் கிடைக்கவில்லையென்றால்...

லாஞ்சர் ஒவ்வொரு முறையும் கணினி முழுவதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்த ஓர் அட்டவணையைத்தான் பார்க்கிறது. விண்டோஸ் 11இல் கிளாசிக் என்ற அமைப்பு ஆவணங்கள், படங்கள், இசை ஆகிய ஃபோல்டர்களையும் டெஸ்க்டாப்பையும் மட்டுமே தேடும். எல்லா இடத்திலும் தேட வேண்டுமானால், செட்டிங்ஸின் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் தேடலுக்கான பிரிவுக்குச் சென்று என்ஹான்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய அட்டவணை தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்துவிட்டுச் செய்வது நல்லது.

பென்டிரைவில் உள்ள கோப்புகள் பொதுவாக இந்தத் தேடலில் வருவதில்லை. அழிக்கப்பட்ட கோப்பை லாஞ்சரால் மீட்டுத் தரவும் முடியாது. அதற்கு முதலில் ரீசைக்கிள் பின்னைப் பார்க்க வேண்டும். முக்கியக் கணக்குகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் வழக்கத்துக்கு லாஞ்சர் மாற்றாகாது.

ஆண்டுக் கூட்டத்துக்குப் பின் நிர்வாகம் மாறும். கணினி மட்டும் அங்கேயே இருக்கும். லாஞ்சரைத் திறக்கும் விசை, மொழி மாற்றும் விசை, கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் வரிசை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டி வைத்தால், அடுத்து வரும் செயலாளர் முதல் நாளிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.