கடலில்லாச் சமஸ்தானத்துக் கப்பல் பிரயாணிகள்

1948-இல் இந்திய யூனியனோடு இணையும் வரை ஒரு சாண் கடற்கரையும் பெற்றிராத புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்து, ராயவரம், குழிபிறை, நச்சாந்துபட்டி, பொன்னமராவதி முதலிய ஊர்களின் வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தலைமுறை தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிற்க', அதாவது வியாபாரமும் லேவாதேவியும் செய்ய, போய்வந்தனர் என்பது சிந்திக்கத்தக்க விசேஷம். மூன்று வருஷக் கணக்கு என்று பேசிக்கொண்டு, மனைவி மக்களை ஊரில் விட்டுப் போவது சம்பிரதாயம். பின்னாளில், 1974-இல், புதிய புதுக்கோட்டை மாவட்டத்தோடு சேர்ந்த கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்தும் முஸ்லிம்கள் பலர் 'சபர்' எனப்படும் அயல்நாட்டுப் பயணம் போயினர்.

மலேயாவுக்குக் கப்பலேறும் நாகப்பட்டினத்தில் அந்நாளில் கப்பல் கரையை அணையாது. கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து, ஒரு கையால் ஏணியையும் மறு கையால் மூட்டையையும் பற்றியபடி ஏறியாக வேண்டும். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்று இவ்வழியில் ஓடிய 'ரஜூலா', ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். அதில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியை எல்லையாக வைத்துக்கொண்ட இடமே பினாங்கு வரும் வரை ஒருவனுக்குச் சொந்தம். எண்ணெயும் வாந்தியும் கலந்து வீசும் அந்தத் தளத்தில், முதல் இரண்டு நாள் தலை தூக்காமல் கிடந்தவர்கள், பிறகு எழுந்து ஊறுகாய் ஜாடியைத் திறந்து, பக்கத்துப் பாய்க்காரரிடம் எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். பினாங்கை நெருங்கினாலும் பிரயாணம் முடிந்துவிடாது. தொற்றுநோய் ஐயம் இருப்பின் அதன் அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் தடுத்து வைப்பார்கள்.

இத்தனை ஆயிரம் பேர் கடல் கடந்திருந்தும், கண்டதை எழுதி வைத்தவர் சொற்பமே என்பது எனக்குத் தீராத வருத்தம். வட்டியைக் காசு பிசகாமல் பேரேட்டில் எழுதிய அந்தக் கைகள், கடலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாகாதா? சமஸ்தானத்தை அடுத்த கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார்தாம் இந்த மௌனத்தைக் கலைத்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அவர், லேவாதேவிக்காக அன்றி, புகைப்படக்கலை பயிலும் பொருட்டு ஜப்பான் சென்று டோக்கியோவில் தங்கி, அந்நாட்டைப் பற்றித் தமிழில் ஒரு நூலும் எழுதினார். இன்று உல்லாசக் கப்பலில் ஜப்பானைச் சுற்றிவரும் தமிழர், பிரயாணத்தையே பிரயோஜனமாகக் கருதிய அவரைத் தம் முன்னோடியாகக் கொள்ளலாம். அவரைப் படித்துவிட்டுப் புறப்படுவது இன்னும் உத்தமம்.