பிறர் விட்டுக்கொடுத்ததில் விளைந்த லாபம்

தவிக்கும் நாடுகளின் கடனை மலிவாக வாங்கி, முழுத்தொகை கேட்டு வழக்குத் தொடுக்கும் கழுகு நிதியங்களைப் பற்றிய விவாதங்களில் ஜாம்பியாவும் அர்ஜென்டினாவும் சேர்ந்தே பேசப்படுகின்றன. அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது வேற்றுமைதான்.

ஜாம்பியாவின் கடன், 1979இல் டிராக்டர்களும் வேளாண் கருவிகளும் வாங்க ருமேனிய அரசு கொடுத்தது. அர்ஜென்டினாவின் கடன், சந்தையில் பலர் கைமாறிய பத்திரங்கள். 2001 இறுதியில் அந்நாடு தவணையை நிறுத்தியதும் அவற்றின் மதிப்பு சரிந்தது.

1999இல் சுமார் 33 லட்சம் டாலருக்குக் கடனைத் தீர்த்துவிட ஜாம்பியா ருமேனியாவுடன் பேசிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ அதே விலைக்கு டோனகல் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. எலியட் குழுமத்தின் என்.எம்.எல். நிறுவனமோ அர்ஜென்டினாவின் பத்திரங்களை அடிமாட்டு விலைக்குச் சேர்த்தது.

டோனகலின் பிடி, 2003இல் ஜாம்பிய அரசே கையெழுத்திட்ட ஒப்பந்தம். 5.5 கோடி டாலர் கேட்ட நிறுவனத்துக்கு 2007இல் லண்டன் நீதிமன்றம் சுமார் 1.5 கோடி வழங்கியது. என்.எம்.எல்.லின் கை இன்னும் நீளம்: 2012இல் கானாவின் தேமா துறைமுகத்தில் அர்ஜென்டினக் கடற்படையின் பயிற்சிக் கப்பலையே தடுத்து நிறுத்தியது. வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தராமல் மற்றப் பத்திரதாரர்களுக்கும் வட்டி தரக் கூடாதென நியூயார்க் நீதிபதி கிரீசா உத்தரவிட்டார். 2016 உடன்பாட்டில் என்.எம்.எல். பெற்றது சுமார் 228 கோடி டாலர்.

நிதியங்களின் வாதத்தையும் எடைபோட வேண்டும். ஒப்பந்தம் ஒப்பந்தமே என்பது நடுத்தர வருவாய் நாடான அர்ஜென்டினாவிடம் ஓரளவு நியாயம். கடன் நிவாரணம் நாடி நின்ற ஜாம்பியாவிடம் அதே வாதம் மெலிகிறது.

எதிர்பாராத உறவு இனிதான் புலப்படுகிறது. ஜாம்பியாவுக்குக் கடன் கொடுத்த பிறர் தள்ளுபடி தந்தார்கள். அர்ஜென்டினாவின் பத்திரதாரர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் 2005, 2010 பத்திர மாற்றுத் திட்டங்களில் பெரும்பங்கை இழக்கச் சம்மதித்தார்கள். அவர்கள் சுமையைக் குறைத்ததால்தான் அந்நாடுகளின் கையில் ஒதுங்கி நின்றவருக்குக் கொடுக்கப் பணம் மிஞ்சியது. இரு வழக்குகளிலும் லாபத்தின் ஊற்று பிறரின் இணக்கமே.

தீர்வுகளும் இதையே ஒப்புக்கொள்கின்றன. பிரிட்டன் 2010இல் ஏழை நாடுகளின் பழைய கடனில் வசூலிக்கும் தொகைக்குச் சட்டத்தால் வரம்பிட்டது. பெரும்பான்மையின் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும் விதியைப் பத்திரச் சந்தை 2014இல் வலுப்படுத்தியது. நிறுவனங்களுக்குத் திவால் சட்டம் உண்டு, நாடுகளுக்கு இல்லை. அந்த இடைவெளி அடைபடும்வரை விட்டுக்கொடுப்பவரே இழப்பைச் சுமப்பார்.