நைட்ரஜன் செய்த குறும்பு

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். அருவிக்குப் போகிறவன் கையில் ரசாயன நோட்டு! விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். அணுக்களின் இனக்கலப்பைக் கண்டுபிடிக்கிறானாம்.

கணக்கு சுலபந்தான். ஓர் அணுவோடு எத்தனை அணுக்கள் பிணைந்திருக்கின்றன, பிணைப்பில் சேராத எலெக்ட்ரான் ஜோடிகள் எத்தனை என்று எண்ணிக் கூட்ட வேண்டும். நான்கு வந்தால் எஸ்.பி.3, பிணைப்புகள் நாலு திசையிலும் விரியும். மூன்று என்றால் எஸ்.பி.2, ஒரே தளத்தில் தட்டையாகக் கிடக்கும். இரண்டு என்றால் எஸ்.பி.; நேர்கோடு. 1931-ம் வருஷம் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் வகுத்த கருத்திலிருந்து வந்தது இது.

ஆனால் இந்த விரல் கணக்கு குற்றாலத்துப் பாறை மாதிரி, பெரியவர்களும் வழுக்கியிருக்கிறார்கள்.

அமோனியாவில் நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன், ஒரு தனி ஜோடி. ஆக நான்கு, சரி. புரதத்தில் அமினோ அமிலங்கள் மாலையாகக் கோத்திருக்கின்றன. அந்தக் கணுவில் இருக்கும் நைட்ரஜனுக்கும் அதே கணக்குத்தான் வரும். ஆனால் அங்கே தனி ஜோடி சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கார்பன்-ஆக்ஸிஜன் பிணைப்போடு உறவு கொண்டாடுகிறது. அதனால் நைட்ரஜன் எஸ்.பி.2 ஆகித் தட்டையாகிவிடுகிறது. 1.47 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டிய பிணைப்பு 1.32-க்குச் சுருங்குகிறது, முறுக்கினாலும் திரும்பாது.

1950-ல் கேம்பிரிட்ஜில் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் புரதச் சங்கிலிக்கு வடிவங்கள் கட்டிப் பார்த்தார்கள். பிராக் இருபத்தைந்து வயதில் நோபல் பரிசு வாங்கியவர்! அவர்கள் இந்தக் கணுவையும் திரும்ப விட்டார்கள். சரியான சுருள் கைக்கு எட்டவில்லை. மறு வருஷமே பாலிங், கணுவைத் தட்டையாக வைத்து, ஆல்ஃபா சுருளைக் கண்டு சொல்லிவிட்டார்.

எனக்கு இதற்கு அடுத்த கட்டந்தான் அதிகப் பிடித்தம். அது நம் சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் கேட்ட கேள்வி இது: கணுக்களெல்லாம் விறைத்த தகடுகள் என்றால், சங்கிலி எங்கேதான் திரும்பும்? தகடுகளுக்கு நடுவில் உள்ள கார்பனில்தான். அது அசல் எஸ்.பி.3, அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு திருப்பம். எந்தக் கோணங்களில் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும், எதில் முட்டாது என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து கணக்கிட்டு, 1963-ல் ஒரே படமாகப் போட்டுக் காட்டினார். நோபல் பரிசு கிடைக்காமலே 2001-ல் அவர் காலமானார். எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று அந்தச் சென்னைப் படத்தில் புள்ளி வைத்துத்தான் இன்றும் சோதிக்கிறார்கள்.