ஒரு நாடு கைவிட்ட சொல்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பையனுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காததால் அவனும் வாய் திறப்பதில்லை. ஆறு மாதத்தில் வைத்த பெயர் உண்மையாகிவிடும். இது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்ததுதான். வயதானவர்கள் விஷயத்திலும் இதே கதை நடக்கிறது. ஒரு தேசமே அதை உணர்ந்து பெயரை மாற்றியிருக்கிறது. அந்த நாடு ஜப்பான்.

டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்கிற மறதி நோய்க்கு, 2004 வரை ஜப்பானிய அரசு ஆவணங்களிலும் மருத்துவத்திலும் வழங்கிய சொல் 'ச்சிஹோ'. இரண்டு சித்திர எழுத்துகள் சேர்ந்தது. முதல் எழுத்துக்கு மூடத்தனம் என்று பொருள். இரண்டாவதற்கு, திகைத்துப் போய் மந்தமாக இருப்பது. அதாவது, நோயின் பெயரே நோயாளியைத் திட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டுப் பேச்சில் 'பொகே' என்பார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே ரகம்தான்.

ஜப்பானை மட்டும் குறை சொல்ல வேண்டாம். டிமென்ஷியா என்ற லத்தீன் சொல்லுக்கே 'மனம் நீங்கிய நிலை' என்றுதான் பொருள். யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நம் ஊரில் 'புத்தி பேதலிச்சுப் போச்சு' என்கிறோம். கொஞ்சம் அன்பாகச் சொல்ல நினைத்தால் 'குழந்தையாயிட்டாங்க' என்கிறோம். 70 வருடம் வாழ்ந்து, பிள்ளை பெற்று, கடன் அடைத்து, பத்துப் பேருக்குப் பஞ்சாயத்து செய்தவரை ஒரே வார்த்தையில் தொட்டிலுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கதைக்கு வருகிறேன். 1972-இல் அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். வேலைக்குப் போகும் ஒரு மருமகள், நினைவு தப்பிய மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் கதை. அந்த நூல் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறு ஆண்டே படமாகவும் வந்தது. அதுவரை நான்கு சுவருக்குள் மூடி வைத்திருந்த விஷயம் அப்போதுதான் வீதிக்கு வந்தது. மகன் வேலைக்குப் போய்விடுவான், மருமகள் பார்ப்பாள், முடியாமல் போனால் மருத்துவமனையில் சேர்ப்பார்கள் என்பதுதான் அங்கே நடைமுறை. மருத்துவமனைகளில் கட்டிலோடு கட்டிப்போடுவதும் இருந்தது. கொடூர மனம் படைத்தவர்கள் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆள் பற்றாக்குறை, கீழே விழுந்துவிடுவார் என்ற பயம், 'இவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே' என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

1980-இல் கியோத்தோ நகரில் இப்படிப்பட்ட குடும்பத்தினர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். உதவி கேட்டுத் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பெயரிலேயே 'பொகே' என்ற சொல் இருந்தது. அன்றைக்கு அவர்களுக்கும் வேறு சொல் இல்லை.

மாற்றங்கள் மெல்ல வந்தன. 1998-இல் ஃபுகுவோக்கா மாகாணத்தில் சில மருத்துவமனைகள் சேர்ந்து, நோயாளிகளைக் கட்டிப்போடுவதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். முதுமையில் பராமரிப்பு தேவைப்பட்டால் வீட்டுக்கு உதவியாளர் வருவார், பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கும் போகலாம். மருமகளின் தலையில் மட்டும் இருந்த சுமையை நாடே பங்கு போட்டுக்கொண்டது. அதே சட்டத்தோடு, பராமரிப்பு இல்லங்களில் முதியோரைக் கட்டிப்போடுவதும் தவிர்க்க முடியாத சூழல் தவிரத் தடை செய்யப்பட்டது.

2004 அக்டோபரில் கியோத்தோவில் அல்சைமர் அமைப்புகளின் சர்வதேச மாநாடு நடந்தது. அதுவரை இத்தகைய மேடைகளில் டாக்டர்கள் பேசுவார்கள், குடும்பத்தினர் அழுவார்கள். நோயாளி பேசுவது அபூர்வம். அந்த மாநாட்டில் மறதி நோய் உள்ள ஒரு ஜப்பானியர் மேடையேறி, சொந்தப் பெயரைச் சொல்லி, முகத்தை மறைக்காமல் பேசினார். 'ஒன்றும் தெரியாதவர்' என்று நினைத்திருந்த ஒருவர், தனக்கு என்ன தெரிகிறது, என்ன வலிக்கிறது என்பதைத் தானே சொன்னார். கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு பழைய சொல்லைச் சொல்ல நாக்கு எழுந்திருக்காது.

அதே ஆண்டு டிசம்பரில் அரசு 'ச்சிஹோ'வைக் கைவிட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, நிபுணர் குழு கூடிப் பேசி, 'நின்ச்சிஷோ' என்ற புதுச் சொல்லை ஏற்றார்கள். அறிதல் தொடர்பான நோய் என்று பொருள். அவ்வளவுதான். அதில் திட்டு இல்லை, இரக்கமும் இல்லை. நீரிழிவு என்பது போல ஒரு நோயின் பெயர். அடுத்த ஆண்டு சட்டத்திலும் மாற்றினார்கள். 2006-இல் கியோத்தோ சங்கமும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது அதன் பெயரில் நோய் உள்ள 'மனிதர்' முன்னால் வருகிறார், குடும்பம் பின்னால் வருகிறது.

பெயரை மாற்றிவிட்டு மாலை போட்டு முடித்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். 2005-இல் 'மறதி நோய் ஆதரவாளர்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். சுமார் 90 நிமிட வகுப்பு. தேர்வு கிடையாது. முடித்தவர்களுக்குக் கையில் ஒரு ஆரஞ்சு நிறப் பட்டை. வங்கி ஊழியர், போலீஸ்காரர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இதுவரை ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தின் சாரம் மூன்று கட்டளைகள்: திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, சுயமரியாதையைப் புண்படுத்தாதே.

இதைப் படித்தபோது என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். கடைசி ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "என்னை யாருன்னு தெரியுதா, சொல்லுங்க பார்ப்போம்?" என்பதுதான். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அது ஒரு வாய்மொழித் தேர்வு. தினமும் தேர்வு, தினமும் ஃபெயில். அவர் முகம் சுருங்கிப்போகும். என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது வாசலில் வந்ததுமே, "அத்தே, நம்ம தங்கராசு மகன் வந்திருக்கான், மெட்ராஸ்ல வேலை பார்க்கிறானே" என்று உரக்கச் சொல்லிவிடுவாள். விடையை முதலிலேயே கொடுத்துவிட்டால் தேர்வு கிடையாது. "வாப்பா, சாப்பிட்டியா?" என்பார் பெரியம்மா. பெயர் மறந்தாலும் உபசாரம் மறக்கவில்லை. அவள் 90 நிமிட வகுப்புக்குப் போனவள் இல்லை.

ஃபுகுவோக்கா மாகாணத்திலேயே ஓமுத்தா என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர். 1997-இல் சுரங்கம் மூடியதும் இளைஞர்கள் வெளியூர் போய்விட, முதியவர்கள் மிஞ்சினார்கள். அங்கே 2004 முதல் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். வழி தெரியாமல் திரியும் முதியவராக ஒருவர் தெருவில் நடப்பார். ஊர்க்காரர்கள் அவரைக் கண்டுபிடித்து, பயமுறுத்தாமல் பேச்சுக் கொடுக்கப் பழக வேண்டும். பள்ளிகளில் படக்கதைப் புத்தகம் வைத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பயிற்சியின் பெயரில் 'காரணமில்லாமல் சுற்றித் திரிதல்' என்று பொருள்படும் சொல் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். அவர் சும்மா திரியவில்லை, எங்கோ போகக் கிளம்பியிருக்கிறார். பழைய வேலைக்கோ, பிறந்த வீட்டுக்கோ. காரணம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெரிய சோதனையும் வந்தது. 2007 டிசம்பரில் ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில், மறதி நோய் உள்ள 91 வயது முதியவர் வீட்டைவிட்டு வெளியே போய், ரயில் பாதையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது 85 வயது மனைவியும் மருமகளும். அந்த மூதாட்டி சில நிமிடங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் அது நடந்துவிட்டது. ரயில்கள் தாமதமானதால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ரயில் நிறுவனம் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது, ஏறக்குறைய 72 லட்சம் யென் கேட்டு. 2013-இல் மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் முழுத்தொகையைக் கட்ட வேண்டும் என்றது. 2014-இல் உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி பாதியைக் கட்டச் சொன்னது. கண்ணயர்ந்ததற்கு அபராதம்!

நாடு முழுக்க நடுங்கியது. இந்தத் தீர்ப்பு நின்றால் மறதி நோய் உள்ளவர்களை அறையில் பூட்டுவதைத் தவிர வேறு வழி ஏது? 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மனைவி, மகன் என்ற உறவு இருப்பதாலேயே பொறுப்பாகிவிடாது, உண்மையில் மேற்பார்வையிட முடிகிற நிலையில் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி இருவரையும் விடுவித்தது. அதன் பிறகு சில நகராட்சிகள் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத் தாங்களே காப்பீடு எடுத்தன. கோபே நகரம் 2019 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூடுதல் வரி போட்டு இதற்கான நிதியைத் திரட்டுகிறது. 2023-இல் மறதி நோய்க்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நோய் உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் சமூகம் என்பதைச் சட்டத்தின் பெயரிலேயே வைத்தார்கள்.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2023-இல் மட்டும் மறதி நோய் காரணமாகக் காணாமல் போனவர்கள் என்று 19,000-க்கும் மேற்பட்ட புகார்கள் ஜப்பானியப் போலீசுக்கு வந்தன. பெற்றோரைப் பார்க்க வேலையை விடுகிற பிள்ளைகள் இன்றும் அங்கே உண்டு. பணக்கார நாட்டுக்கே இந்தக் கஷ்டம்.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் தெருவிலும் ஒருவர் இருப்பார். காப்பீடும் சட்டமும் அரசு செய்ய வேண்டியவை, அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் 'புத்தி பேதலிச்சவர்' என்ற சொல்லை விடுவதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். கண்ணயர்ந்த மனைவியை 'பார்த்துக்கத் தெரியல' என்று குறை சொல்லாமல், இரண்டு மணி நேரம் நாம் போய் உட்கார்ந்து அவரைத் தூங்கச் சொல்வதற்கும் சட்டம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்படி யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கைகொடுத்த வழிகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்கு உதவும்.